யாருக்குத் தம்பி?

"சர்வர்ல ஒருத்தரைக் காணோம்" என்று போனில் ஒரு பெண் குரல் பதறியபோது, "எந்த ஹோட்டல்லங்க?" என்று கேட்டான் கொசு. அன்றைக்கு அவன் செய்த தவறுகளில் அதுதான் சின்னது.

டீச்சர் போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். வரிசையாக 'ம்' போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் 'ம்' போடுவதை நிறுத்திவிட்டுக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கேஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில், யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தது என்பதை விடைத்தாளைத் தொடாமல் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர். இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் விடைத்தாள் திருத்துகிற வேலை மிச்சமாகுமே என்று ஒருநாள் தோன்றியிருக்கிறது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். கொசு அவருடைய உதவியாளன். ஆறடி உயரம், கதவை அடைக்கிற அகலம், நாற்பதை நெருங்கும் வயது. இருந்தாலும் கொசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. காதோரம் வந்து எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வருவான்.

"அந்த சர்வர் இல்ல இது," என்றார் டீச்சர், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி. "ஆபீஸ்ல நடுவுல பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வச்சிருப்பாங்க. மேஜையில இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அதுகிட்டதான் கேட்கும். ஃபைல் கொடு, பிரிண்ட் எடு, என்னை உள்ள விடுனு."

"ஹோட்டல் சர்வரும் அதையேதானே செய்றாரு. இது டிப்ஸ் கேட்காது, அவ்வளவுதான்."

"காணாமப் போனது சர்வர் இல்லப்பா. அதுல தினமும் வேலை பார்த்த ஒருத்தர். மூணு வருஷமா ஒரு நாள்கூட லீவு போடலையாம். திங்கட்கிழமையிலேர்ந்து ஆளைக் காணோம்."

"மூணு வருஷம் லீவு போடாதவனை யாரும் கடத்தியிருக்க மாட்டாங்க டீச்சர். எங்கயாவது தூங்கிட்டு இருப்பான்."

அது துணிக்கடைகளுக்குப் பொம்மை செய்து தருகிற கம்பெனி. கீழே அலுவலகமும் பட்டறையும், மேலே வீடு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன கொசு, மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, "முதலாளியம்மா இருக்காங்களா?" என்று பணிவாகக் கேட்டான். பதில் இல்லை. குனிந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே இல்லை.

"அது பொம்மை," என்றார் டீச்சர்.

"அதான் பார்த்தேன். இவ்வளவு நேரம் என் பேச்சைப் பொறுமையாக் கேட்கிற பொண்ணை இப்பதான் பார்க்கிறேன்."

முதலாளியம்மா தன் அறையில் இருந்தார். அறுபது வயதுக்கு மேல், வெள்ளைத் தலை, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் காட்டி வலி என்று சைகையால் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கொன்னுட்டாங்க."

"யாரை?" என்றார் டீச்சர்.

"தம்பியை. சனிக்கிழமை எல்லாருக்கும் சொன்னேன், தம்பியை மேனேஜர் ஆக்கப் போறேன், இனிமே எல்லாரும் அவன் சொல்றபடிதான் கேட்கணும்னு. திங்கட்கிழமை ஆளைக் காணோம். கணக்கர், டிசைனர், ஸ்டோர்காரர், இந்த மூணு பேரும் சேர்ந்துதான் ஏதோ பண்ணியிருக்காங்க. நீங்க உள்ள வந்ததும் வெளிக்கதவைப் பூட்டச் சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள தம்பி வரலேன்னா மூணு பேரையும் வேலையை விட்டு அனுப்பிட்டு நேரா போலீசுக்குப் போறேன்."

"தம்பியோட முழுப் பேரு?"

"தம்பி. சர்வர்ல அப்படித்தான் இருக்கு."

"ஆள் எப்படி இருப்பார்?"

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "நான் பார்த்ததில்ல."

கொசு வாயைத் திறந்தான். டீச்சர் திரும்பிப் பார்க்காமலே அவன் பக்கம் ஒரு விரலை நீட்டினார். மூடிக்கொண்டான்.

"எதுக்குப் பார்க்கணும்? காலையில மாடியிலேர்ந்து இறங்கி இந்த நாற்காலியில உட்கார்ந்தேன்னா சாப்பிடத்தான் எழுந்திருப்பேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் மேஜையா நடக்க முடியுமா? அதுக்குத்தானே சர்வர் வச்சது. ஆர்டரை அதுல போடுவேன். தம்பி எடுத்துக்குவான். எந்தக் கடைக்கு எத்தனை தலை, எத்தனை கை, எந்த லாரியில அனுப்பணும், எல்லாம் அவன் பார்த்துப்பான். நான் எது எழுதினாலும் 'ஆகட்டும்'னு ஒரே வார்த்தைதான் பதில் வரும். எதிர்த்து ஒரு பேச்சு இல்ல. மத்த மூணு பேரும் இருக்காங்களே, பிரிண்டர்ல மை தீர்ந்துடுச்சுங்கறதை மூணு நாள் சொல்வாங்க."

"அவர்கிட்ட ஏதாவது விநோதமான பழக்கம் உண்டா?"

"பழக்கம்னா…" அவர் முகம் கனிந்தது. "நான் மேல சாப்பிடப் போனா அவன் இருக்க மாட்டான். கை கழுவிட்டு வந்து போன்ல பார்த்தா, அவன் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி அணைஞ்சிருக்கும். கீழ வந்து உட்கார்ந்தா எரியும். முதலாளி சாப்பிடற நேரத்துலயே தானும் சாப்பிட்டுட்டு வந்துடறான் பாருங்க. நானே பல தடவை எழுதிக் கேட்டிருக்கேன், தம்பி, சாப்டீங்களானு. பெத்த பிள்ளை இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பான்."

அப்போது ஒல்லியான மனிதர் ஒருவர் மூன்று கோப்பை தேநீருடன் உள்ளே வந்தார். நரைத்த மீசை. சட்டையின் ஓரத்தில் வரிசையாகத் துணி கிளிப்புகள். கோப்பைகளைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

"யாரு அது?" என்றான் கொசு.

"எங்க வீட்டுக்காரர்," என்றார் முதலாளியம்மா, பீரோவைக் காட்டி இது பீரோ என்று சொல்வதைப் போல. "தம்பியைக் கண்டுபிடிங்க."

கணக்கர் முதலில் சிக்கினார். வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. முதலாளியம்மாவோட தம்பியை நான் ஏன் தொடப் போறேன்?"

"முதலாளியம்மாவோட தம்பியா?"

"பின்னே? அவங்கதான் வாய்க்கு வாய் தம்பி, தம்பினு சொல்றாங்களே. அதனாலதான் நான் சம்பளப் பட்டியல்லகூட அவர் பேரைச் சேர்க்கல. கூடப் பிறந்தவருக்கு அக்கா கொடுக்கிறதை நான் எழுதினா நல்லா இருக்குமா?"

"பார்த்திருக்கீங்களா?"

"பெரிய இடத்து ஆளுங்க நம்ம பக்கம் எங்க வர்றாங்க? ஆனா உயரமா இருப்பாரு. எழுதற விதத்துலயே தெரியும்."

டிசைனர் பொம்மை முகங்களுக்குப் புருவமும் உதடும் வரைகிற பெண். கேள்வி கேட்பதற்கு முன்பே கண் கலங்கினாள். "கணக்கர் சாரோட தம்பிங்க அவரு. அதனாலதான் அவர் எத்தனை வேலை சொன்னாலும் நான் மறுபேச்சு பேச மாட்டேன். என் பில் எல்லாம் கணக்கர் சார்கிட்டதானே பாஸ் ஆகணும்? குள்ளமா இருப்பாருனு நினைக்கிறேன். அண்ணன் அப்படித்தானே இருக்காரு."

ஸ்டோர்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "நான் பார்த்திருக்கேன். தினம் பார்ப்பேன்."

டீச்சரின் கண் விரிந்தது.

"இந்த டிசைனர் அம்மாவோட தம்பிதான் அவரு. பட்டறைக்குப் பின்னால அறையில, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரு. நீலச் சட்டை. காலையில போகும்போது வணக்கம் சொல்வேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு. அவ்வளவு திமிர். ஆனா வேலையில புலி."

"இப்ப இருக்காரா பாருங்க," என்றார் டீச்சர்.

எல்லோரும் பட்டறைக்குள் போனார்கள். கொக்கிகளில் கைகள் தொங்கின. அலமாரியில் தலைகள் அடுக்கியிருந்தன. பின்னறையில், ஸ்டோர்காரர் சொன்ன இடத்தில், சொன்ன சட்டையுடன் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்காரர் குரல் நடுங்க, "தம்பி," என்றார். கொசு நான்கு எட்டில் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான். தலை கழன்று கையோடு வந்துவிட்டது.

ஸ்டோர்காரர் ஐயோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். டிசைனர், "போன வருஷம் நான் புருவம் கோணலா வரைஞ்சிட்டேன்னு ஓரமா வச்சது," என்றாள் மெல்ல.

"மூணு வருஷமாவா இதுக்கு வணக்கம் சொன்னீங்க?" என்றான் கொசு, தலையைப் பத்திரமாகக் கழுத்தில் பொருத்தியபடி.

"அதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் இருந்தாரு," என்றார் ஸ்டோர்காரர். அதை மேலும் விசாரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

டீச்சர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "கணக்கருக்கு இவர் முதலாளியம்மா தம்பி. டிசைனருக்கு இவர் கணக்கர் தம்பி. ஸ்டோர்காரருக்கு இவர் டிசைனர் தம்பி. கொசு, இந்த சர்வரை வச்சது யாருனு கேட்டு, அவரை வரச் சொல்லு."

சர்வரை வைத்துக்கொடுத்த நெட்வொர்க்காரர் வந்தபோது முதலாளியம்மாவே வலியைப் பொறுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்கு வந்துவிட்டார். அங்கேதான் சர்வர் இருந்தது. கறுப்புப் பெட்டி ஒன்று. அதன் பக்கத்தில் கேபிள்கள் வந்து செருகிக்கொள்கிற தட்டையான பெட்டி. மேலே ஒரு மின்விசிறி.

"தம்பியா?" என்றார் நெட்வொர்க்காரர், சாவகாசமாக. "அவனை நான்தான் உண்டாக்கினேன்."

டிசைனர் கணக்கரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"இந்த சர்வர்லதான் எல்லார் பேரும் பாஸ்வேர்டும் இருக்கும். மேஜை கம்ப்யூட்டர்ல ஒருத்தர் உட்கார்ந்து பேரை அடிச்சா, அது இங்க வந்து கேட்கும், இவரை உள்ள விடலாமானு. இது சரினு சொன்னாத்தான் திரை திறக்கும். வச்சு முடிச்சதும் சரியா வேலை செய்யுதானு பார்க்கணும் இல்லையா? அதுக்காக இல்லாத ஆள் ஒருத்தரை உண்டாக்கி, அவர் பேருல உள்ள போய்ப் பார்ப்போம். பார்த்துட்டு அழிச்சிடணும்."

"அழிச்சீங்களா?"

நெட்வொர்க்காரர் தரையைப் பார்த்தார். "மனசு வரலைங்க. வீட்டுல நான் ஒரே பிள்ளை. எங்க சர்வர் வச்சாலும் தம்பினு ஒருத்தனை உண்டாக்கி விட்டுட்டு வந்துடுவேன்."

"அப்ப ஊர் பூரா உங்களுக்குத் தம்பிங்க இருக்காங்க," என்றான் கொசு.

"இருக்காங்க. எல்லாரும் சும்மாதான் கிடக்கறாங்க. இவன் ஒருத்தன்தான் வேலைக்குப் போயிருக்கான்." அவர் குரலில் ஓர் அண்ணனின் பெருமை இருந்தது.

முதலாளியம்மாவால் நிற்க முடியவில்லை. கொசு நாற்காலியை இழுத்துப் போட்டான். முதலாளியம்மா உட்கார்ந்தார். பிறகு கண்கள் சுருங்கின.

"ஆள் இல்லேன்னா வேலையை யாரு செஞ்சது? ஆர்டர் எல்லாம் போயிருக்கே, கடைக்காரங்க பாராட்டி எழுதியிருக்காங்களே. உங்க மூணு பேர்ல யாரோ ஒருத்தர் அந்தப் பேர்ல பண்ணியிருக்கீங்க. யாரா இருந்தாலும் சரி, அவங்கதான் மேனேஜர்."

காலையிலிருந்து தம்பியைத் தெரியாது, தொட்டதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"நான்தாங்க," என்றார் கணக்கர்.

"பொய். நான்தான்," என்றாள் டிசைனர்.

ஸ்டோர்காரர், "நான் அடக்கமா இருந்துட்டேன்," என்றார்.

"டீச்சர்," என்று காதோரம் வந்தான் கொசு, "இதுவரைக்கும் ஒரு பிணம்கூட இல்லாத கொலை. இப்ப மூணு கொலையாளி இல்லாத… இல்ல, மூணு பிணம்… எனக்கே குழப்பமா இருக்கு."

டீச்சர் நெட்வொர்க்காரரிடம் திரும்பினார். "தம்பிக்கு நீங்க வச்ச பாஸ்வேர்டு என்ன?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு." அவர் விசைப்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "இப்ப அது இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க. வேணும்னா நான் இங்கேர்ந்தே புதுசா வச்சுடறேன்."

"வேண்டாம். அது தெரிஞ்சவர்தான் தம்பி. சொல்லுங்க கணக்கரே."

கணக்கர் தன் பெயரைச் சொன்னார். இல்லை. டிசைனர் தன் பூனையின் பெயரைச் சொன்னாள். இல்லை. ஸ்டோர்காரர் நீண்ட நேரம் யோசித்து, "ஒண்ணு ரெண்டு மூணு அஞ்சு," என்றார்.

மூன்று கைகளும் இறங்கின.

டீச்சர் அதற்குள் தட்டையான பெட்டியின் அருகே குனிந்திருந்தார். "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எத்தனை?"

"அம்மாவுக்கு ஒண்ணு, இவங்க மூணு பேருக்கும் ஒண்ணொண்ணு. நாலு," என்றார் நெட்வொர்க்காரர்.

"மேஜைக்கு ஒண்ணுனு கேபிள் நாலு. இந்தச் சின்னது ரெண்டு பெட்டிக்கும் நடுவுல போகுது, அதை விடுங்க. இதோ இது ஒண்ணு மிச்சம்."

நெட்வொர்க்காரர் தலையைச் சொறிந்தார். மிச்சமிருந்த அந்தக் கேபிள் மற்றவை போல அலுவலகத்துக்குள் போகவில்லை. சுவரோரம் ஏறி, ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியே போனது.

"கொசு, பிடிச்சுக்கிட்டே போ."

கொசு கேபிளைக் கையால் தடவிக்கொண்டே பின்வாசலுக்கு வந்தான். அங்கே அது நிமிர்ந்து, கொல்லைப்புறத்துக்குக் குறுக்காக மாடியை நோக்கி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதன்மேல் போர்வைகள், தலையணை உறைகள், முதலாளியம்மாவின் உடைகள் எல்லாம் ஈரமாகத் தொங்கின. வெளிப்படிக்கட்டில் ஏறியபடி ஒவ்வொரு துணியாக விலக்கினான். கடைசிப் போர்வையை விலக்கியபோது மூக்குக்கு நேரே ஒரு முகம் இருந்தது. வாயில் இரண்டு கிளிப்புகள்.

"கொஞ்சம் நகருங்க ஐயா, ஒரு கேபிளைத் தேடிட்டு இருக்கேன்."

வீட்டுக்காரர் கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்தார். "ஆகட்டும்," என்றார்.

கொசு அவரைத் தாண்டி இரண்டு படி ஏறிவிட்டான். பின்னால் வந்த டீச்சர் ஏறவில்லை. அங்கேயே நின்று வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார், காப்பியடித்த பையனைப் பார்ப்பது போல.

"நீங்க தம்பி இல்ல," என்றார் டீச்சர். "வயசுல பெரியவர். அதனால நீங்களே சொல்றதுதான் மரியாதை."

கையிலிருந்த ஈரத் தலையணை உறையை வீட்டுக்காரர் நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாதபோது, "உள்ள வாங்க," என்றார்.

கேபிளின் மறுமுனை துணி மடிக்கிற சின்ன அறைக்குள் போனது. இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு தலையணை உறை போர்த்தியிருந்தது.

"இதுதான் கீழ முதல்ல இருந்த கம்ப்யூட்டர்," என்றார் வீட்டுக்காரர். "சர்வர் வச்சப்ப முதல்ல இதுலதான் போட்டுப் பார்த்தாங்க. அப்புறம் எல்லாம் புதுசா வாங்கினதும் இதை மேல தூக்கிட்டு வந்துட்டாங்க. ரெண்டு முனையிலயும் பிளக் மாட்டின கேபிள் ஒண்ணும் சும்மா கிடந்துச்சு. துணி காயப் போடலாமேனு இழுத்துக் கட்டினேன். முனை காத்துல ஆடிட்டே இருந்துச்சு. கீழ் முனைக்கு அந்தப் பெட்டியில ஓட்டை இருந்துச்சு, செருகினேன். மேல் முனைக்கு இதுல ஓட்டை இருந்துச்சு, இதுலயும் செருகினேன்."

"துணி காயறதுக்கா?"

"அதுக்குத்தாங்க. ஒருநாள் தூசி தட்டும்போது இதைப் போட்டா, திரையில தம்பினு பேர் வந்து பாஸ்வேர்டு கேட்டுச்சு. ஒண்ணு ரெண்டு மூணு நாலுனு தோணினதை அடிச்சேன். உள்ள விட்டுடுச்சு. அப்புறம் பாஸ்வேர்டை மாத்தி வச்சுக்கிட்டேன். அவ போட்ட ஆர்டர் எல்லாம் யாரும் தொடாம கிடந்துச்சு. ஒண்ணை முடிச்சு அனுப்பினேன். மறுநாள் இன்னொண்ணு."

"நேராவே போய் உதவி பண்ணியிருக்கலாமே," என்றான் கொசு.

"டீ கொடுக்கப் போறதைத் தவிர ஆபீஸ் பக்கம் நான் கால் வைக்கக் கூடாதுங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடைக்கு இருநூறு பொம்மை அனுப்பினேன். எல்லாத்துக்கும் ரெண்டு கையும் வலது கையாப் போயிடுச்சு. அன்னையிலேர்ந்து மாடிதான்."

டீச்சர் ஜன்னலோரம் போய்க் கீழே பார்த்தார். "அவங்க சாப்பிட வரும்போதெல்லாம் பச்சைப் புள்ளி அணைஞ்சதே…"

"அவ வந்தா நான் பரிமாறணுமே."

"திங்கட்கிழமை ஏன் நிறுத்தினீங்க?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்த பார்வையில் உண்மையான பகை இருந்தது.

"மூணு வருஷமா சோத்துக்கு முன்னாடி உட்கார்ந்தா அவன் பேச்சுதாங்க. தம்பி அப்படி, தம்பி இப்படி, தம்பியைப் பார்த்துக் கத்துக்கோங்க. கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷத்துல என்னை ஒரு வார்த்தை சாப்டீங்களானு கேட்டதில்ல. அவனைத் தினம் கேட்கறா. சனிக்கிழமை வந்து, அவன் மேனேஜர், இனிமே எல்லாம் அவன்தான்னா. எனக்கு அவனைக் கண்டாலே ஆகல."

"ஐயா," என்றான் கொசு, "அவன் நீங்கதானே?"

"தெரியுதுங்க. தெரிஞ்சும் வயிறு எரியுதே."

கொசு வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்; அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அது வெறும் இருமலாக வெளியே வந்தது.

"கீழ மூணு பேருக்கு வேலை போகப் போகுது," என்றார் டீச்சர். "நீங்க வந்து சொன்னாத்தான் உண்டு. நான் சொன்னா அது துப்பறிஞ்சதா இருக்கும். நீங்க சொன்னா…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

வீட்டுக்காரர் சட்டை ஓரத்திலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டார். தலையை வாரிக்கொண்டார். கீழே இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே இறங்கினார், தண்ணீர் ஆழம் தெரியாதவரைப் போல.

சர்வர் அறையில் அவர் சொல்லி முடித்தபோது கணக்கர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

முதலாளியம்மா சிரித்தார். "நல்ல கதை. டீச்சரம்மா, கேஸ் கண்டுபிடிக்க முடியலேன்னா முடியலேன்னு சொல்லிடுங்க. இவரைக் கொண்டுவந்து நிறுத்தாதீங்க. இவரா? இவருக்கு வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாது."

"அதான் இப்ப ஒவ்வொரு பெட்டியையும் மூணு தடவை சரிபார்க்கச் சொல்லி எழுதறேன்," என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க," என்றார் ஸ்டோர்காரர். "மூணு தடவை பார்க்கச் சொல்லித் தம்பி உயிரை எடுப்பாரு."

முதலாளியம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் விடவில்லை. "இந்த மூணு பேரும்தான் நான்தான் தம்பினு கை தூக்கினாங்க. நம்பினேனா? உங்களுக்கும் அதே சட்டம்தான். பாஸ்வேர்டு சொல்லுங்க."

வீட்டுக்காரர் விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினார். "நானே அடிச்சுடறேன்."

"வேண்டாம். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"நான் அடிக்கிறேனே."

"தெரியாது, அதான். பார்த்தீங்களா டீச்சரம்மா, தெரியாது."

"சொல்லிடுங்க ஐயா," என்றார் டீச்சர், மிக மெதுவாக.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். "தண்டச்சோறு."

"யாரைச் சொல்றீங்க?" என்றார் முதலாளியம்மா.

"யாரையும் சொல்லல. பாஸ்வேர்டு அதுதான்."

முதலாளியம்மா விசைப்பலகைக்கு மேல் விரல்களை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பாதி வழியில் ஓர் எழுத்துப் பிசகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியிருந்தது. டிசைனர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி விசையைத் தட்டியதும் திரை திறந்தது. வரிசையாக ஆர்டர்கள், கடைப் பெயர்கள், லாரி எண்கள், மூன்று வருட வேலை, தூசி தட்டிவைத்த அலமாரி போல.

"உள்ள விட்டுடுச்சு," என்றார் நெட்வொர்க்காரர், யாரும் கேட்காமலே.

முதலாளியம்மா திரையைப் பார்த்தபடியே கேட்டார். "உலகத்துல வேற வார்த்தையா கிடைக்கல?"

"பாஸ்வேர்டு மறந்து போயிடும்னாங்க," என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. "இதுன்னா, மறந்தாலும் நீயே ஞாபகப்படுத்துவேனு வச்சேன்."

முதலாளியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நெட்வொர்க்காரரிடம், "இதை மாத்தறது எப்படி?" என்றார்.

"இருக்கட்டும் விடு," என்றார் வீட்டுக்காரர். "பழகிப் போச்சு."

"நீங்க சும்மா இருங்க. திரும்பி நில்லுங்க எல்லாரும்."

எல்லோரும் திரும்பி நின்றார்கள். பின்னால் ஒற்றை விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கொசு கழுத்தை மெல்ல வளைத்து எட்டிப் பார்க்கப் போனான். டீச்சர் செருப்புக் காலால் அவன் பாதத்தை ஒரு மிதி மிதித்தார்.

தெருவுக்கு வந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் நொண்டினான். கதவுக்கு வெளியே கணக்கர், டிசைனர், ஸ்டோர்காரர் மூன்று பேரும் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையுடன் நின்றிருந்தார்கள். இந்த முறை தேநீர் போட்டது யார் என்று தெரியவில்லை, சர்க்கரை இல்லை என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வார்த்தை வச்சிருப்பாங்க டீச்சர்?"

"வண்டியை எடு."

"நீங்க மட்டும் பார்த்தீங்க. எனக்குத் தெரியும். உங்க மூக்குக் கண்ணாடியில பக்கவாட்டுல தெரிஞ்சிருக்கும்."

"காணாமப் போனவரைத்தானே தேடச் சொன்னாங்க," என்றார் டீச்சர், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. "கிடைச்சுட்டார். அதுக்கு மேல அவங்க குடும்ப விஷயம்."

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கொசு வண்டிக் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். டீச்சர் எதையோ ஒரு முறை, யாரையோ கேள்வி கேட்பது போல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.